சங்கிலியும் வக்பும்: சித்தம் கலங்கியோரைச் சமூகம் தாங்கிய வரலாறு

எங்கள் ஊர்களில் சில நோய்களுக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை. பாலமுனையிலும், அதற்கு வடக்கிலும் தெற்கிலும் கடலோரமாகக் கிடக்கும் நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை முதலான ஊர்களிலும் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்றால் அது கலியாண வீட்டுப் பேச்சு. பிறஷர் என்றால் பள்ளிவாசல் முற்றத்துப் பேச்சு. ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் பேச்சு தணிந்துவிடும். "தலையில கொஞ்சம் சுகமில்ல", "பார்வை பட்டிருக்கு", "ஆரோ செஞ்சிருக்காங்க" என்பதோடு நின்றுவிடும். 'விசர்' என்ற சொல் சண்டையில் எறிவதற்கும், 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயர் பகிடிக்கும் மட்டுமே வெளியே வரும்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஓதப்போகும் வழியில் ஒரு வளவு இருந்தது. கிடுகு வேலிக்கு உள்ளே, குசினிக்குப் பின்னால் ஒரு சிறு கொட்டில். அதன் மரத்தூணில் ஒரு வாலிபர் காலில் சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருந்தார். அவருடைய உம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டுவதை வேலி ஓட்டைவழியாக நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நோன்பு மாதத்தில் கஞ்சி அனுப்பினார்கள். பெருநாளைக்குப் புதுச்சாரம் கொடுத்தார்கள். அந்தச் சங்கிலியை எப்படி அவிழ்ப்பது என்று மட்டும் எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த உம்மா கல்நெஞ்சக்காரி அல்லர். அவிழ்த்துவிட்ட ஒரு நாளில் மகன் கடலை நோக்கி நடந்துவிட்டான் என்று பின்னாளில் அறிந்தேன். ஊர் அவருக்குக் கஞ்சி கொடுத்தது. வேறு வழி எதையும் கொடுக்கவில்லை. மிஞ்சியது சங்கிலிதான்.

கடுமையான உளநோயுடன் வாழ்வோரை நம் சமூகம் எவ்வாறு தாங்கியது, எங்கே கைவிட்டது என்பதை வரலாற்றில் தேடிப்பார்க்க என்னைத் தூண்டியது அந்தக் கொட்டில்தான்.

ஏர்வாடியின் அதிகாலை

தமிழ் பேசும் முஸ்லிம்கள் இது பற்றிப் பேசும்போது தவிர்த்துவிட முடியாத ஒரு நாள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கட்டில்களோடும் தூண்களோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டவர்களால் ஓட முடியவில்லை. 25 பேர் அன்றே கருகி இறந்தனர். காயமடைந்தோரிலும் சிலர் இறக்க, எண்ணிக்கை 28 ஆனது.

ஏர்வாடி என்பது சையித் இப்றாஹீம் ஷஹீத் அவர்கள் அடங்கியிருக்கும் தலம். சித்தம் கலங்கியோரை அங்கு கொண்டுசென்று தங்கவைப்பது தலைமுறைகளாக இருந்துவந்த வழக்கம். தர்ஹாவின் நீரும், விளக்கெண்ணெயும் நோயைத் தணிக்கும் என்றும், குணமடையும் வேளை வந்ததும் கனவில் உத்தரவு கிடைக்கும் என்றும் மக்கள் நம்பினர். முஸ்லிம்கள் மாத்திரமன்றி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தம் பிள்ளைகளை அங்கு அழைத்துவந்தனர். நம் நாட்டிலிருந்தும் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் நேர்ச்சை வைத்துக் கடல் கடந்தோர் உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி நாகூர் ஆண்டகையின் பெயரால் இன்றும் கொடியேற்றுகிறது. ஆகவே ஏர்வாடி நமக்கு அந்நியமான ஊர் அன்று.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தர்ஹாக்கள் பற்றிய மார்க்க விவாதம் இக்கட்டுரையின் பொருள் அன்று. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரும் இந்த 28 பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அவர்கள் இறந்த இடம் தர்ஹா அன்று. தர்ஹாவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகம். ஆரம்பத்தில் உறவினரும் நோயாளியோடு தங்கியிருந்து, சமைத்துக் கொடுத்து, உடனிருந்து பார்த்தனர். நாட்கள் நீள நீள, மாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினர். அந்தத் தொகையை நம்பி ஓலைக்கொட்டகைகள் பெருகின. வைத்தியர் இல்லை, உரிமம் இல்லை, இரவில் காவலுக்குப் போதிய ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சங்கிலி ஆளுக்குப் பதிலானது. தீ நடந்து ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13இல், ஏர்வாடியின் காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். ஒரே ஒரு சிற்றூரில் ஐந்நூறு பேர் இருந்தனர் என்ற செய்தி அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது.

அந்த உறவினர்களைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் அன்று தமிழ்நாடு முழுவதற்கும் அரசின் தனி மனநல மருத்துவமனையாக இருந்தது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள ஒன்றுதான். 1794இல் கும்பினி ஆட்சியில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்மாறிய நிறுவனம் அது. இராமநாதபுரத்துக் கூலித்தொழிலாளிக்கு அது ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது. ஏர்வாடி பக்கத்தில் இருந்தது, கதவு திறந்திருந்தது, ஒருவரும் "ஏன் கொண்டுவந்தாய்" என்று கேட்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலமும் மனநல மருத்துவமனை வசதியை உறுதிப்படுத்த வேண்டும் என்றும், நோயாளரைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் 2002இல் பணித்தது. பின்னர் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் எந்த முறையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது.

சங்கிலி நம் மரபா?

ஏர்வாடிக்குப் பின்னர், "இதுதான் முஸ்லிம்கள் மனநோயாளரைப் பார்க்கும் விதம்" என்று சிலர் எழுதினர். "இதற்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமில்லை" என்று வேறு சிலர் எழுதினர். இரண்டுமே வரலாற்றைத் திறந்து பாராத பேச்சுக்கள்.

மார்க்கச் சட்டத்தின் அடிப்படை தெளிவானது. உறங்குபவர், சிறுபிள்ளை, சித்தம் கலங்கியவர் ஆகிய மூவர் மீதிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நாம் மத்ரஸாவிலேயே படித்த ஹதீஸ். அவருக்குத் தொழுகை கடமையில்லை, அவர்மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் அவருக்குரிய கடமைகள் மறைந்துவிடுவதில்லை. அவை மற்றவர் தோளுக்கு மாறுகின்றன. தம் செல்வத்தை நிருவகிக்க இயலாதோருக்கு அதிலிருந்து உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்லமுறையில் பேசுமாறு சூறா அந்நிஸாவின் 5ஆம் வசனம் பணிக்கிறது. உணவு, உடை என்பதோடு நில்லாமல் பேசும் முறையையும் அது சேர்த்துச் சொல்வது கவனிக்கத்தக்கது. பொறுப்பேற்க வலீ இல்லாதவருக்குக் காழியே வலீ. அதாவது, குடும்பம் இல்லாதவருக்குச் சமூகமே குடும்பம். சித்தத்தில் ஏதோ கோளாறுள்ள ஒரு பெண் நபியவர்களை அணுகித் தனக்கொரு தேவை இருப்பதாகச் சொன்னபோது, எந்தத் தெருவில் நிற்கவேண்டும் என்று அவளையே கேட்டு, அவள் தேவை தீரும்வரை அவளோடு நின்றார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. எத்தனையோ குத்பாக்களைக் கேட்டிருக்கிறோம். இச்செய்தியை விளக்கிய குத்பா ஒன்றை நான் கேட்டதில்லை.

இந்தப் பொறுப்பு நூலில் மட்டும் நிற்கவில்லை, கட்டடமாகவும் எழுந்தது. பாரசீகத்தில் 'பீமார்' என்றால் நோயாளி. 'பீமாரிஸ்தான்' என்றால் நோயாளர் இருக்குமிடம். அதுவே சுருங்கி மாரிஸ்தான் ஆயிற்று. 9ஆம் நூற்றாண்டில், எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் புஸ்தாத் நகரில் ஒரு மாரிஸ்தானைக் கட்டினார். அதில் சித்தம் கலங்கியோருக்கும் இடம் இருந்தது. உள்ளே வருபவரின் உடையும் பணமும் பொறுப்பாளரிடம் வைக்கப்பட்டு, மாரிஸ்தானின் உடை கொடுக்கப்படும். ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்குத் தேறியவர் வீடு செல்லலாம். இப்னு தூலூன் வெள்ளிக்கிழமை தோறும் நோயாளரைப் பார்க்க வருவது வழக்கமாம். ஒரு நாள் சித்தம் கலங்கிய ஒருவர் தமக்கு மாதுளம்பழம் வேண்டும் என்று கேட்டார். பழம் கொடுக்கப்பட்டது. அதை அவர் ஆட்சியாளரின் நெஞ்சிலேயே எறிந்தார். அதன்பின் இப்னு தூலூன் அப்பக்கம் வரவேயில்லை என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார்.

இச்சம்பவத்தைப் படிப்போர் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவர். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஆட்சியாளர் வருவதை நிறுத்தினார், மாரிஸ்தான் நிற்கவில்லை. ஏனெனில் அது அவருடைய வெள்ளிக்கிழமை இரக்கத்தில் தங்கியிருக்கவில்லை. அதற்கென எழுதிவைக்கப்பட்ட சொத்துக்களின் வருமானத்தில் தங்கியிருந்தது. அதுதான் வக்பு. இரக்கம் ஒரு மாதுளம்பழத்தில் முடிந்துபோகலாம். வக்பு முடியாது.

இவ்வழியிலேயே 1154இல் டமஸ்கஸில் நூருத்தீன் மாரிஸ்தானும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனின் மன்சூரி மாரிஸ்தானும், 1354இல் அலெப்போவில் அர்கூன் மாரிஸ்தானும், 1488இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மருத்துவமனையும் எழுந்தன. மன்சூரி மாரிஸ்தானின் வக்பு ஆவணம் ஆண், பெண், செல்வர், வறியவர், உள்ளூரார், வெளியூரார் எல்லோருக்கும் அதன் கதவு திறந்தது என்கிறது. எதிர்னேயில் நோயாளர் முன் வாரத்தில் மூன்று நாள் பத்துக் கலைஞர்கள் இசைத்தனர் என்று 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி குறித்துவைத்தார். கட்டடம் மாத்திரமன்றி அறிவும் வளர்ந்தது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல உள்ளத்துக்கும் வரும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. எல்லாவற்றையும் ஜின்னின் மேல் போட்டுவிடும் நம் வழக்கத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

ஆயினும் இதனைச் சங்கிலியற்ற பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். 1183இல் கெய்ரோவுக்கும் அடுத்த ஆண்டு டமஸ்கஸுக்கும் சென்ற இப்னு ஜுபைர், கெய்ரோவில் சித்தம் கலங்கியோரின் அறைகளுக்கு இரும்புக் கம்பியிட்ட சாளரங்கள் இருந்ததையும், டமஸ்கஸில் அவர்கள் சங்கிலியில் இருந்ததையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் அதே இடங்களில் நாள்தோறும் நிலைமையை விசாரிக்கவும், உரிய உணவும் மருந்தும் கொடுக்கவும் ஆட்கள் இருந்ததையும் அவர் எழுதுகிறார். சங்கிலி இருந்தது, அதைப் பிடித்திருப்பவருக்குக் கணக்குக் கேட்க நிருவாகம் ஒன்றும் இருந்தது. காலப்போக்கில் வக்பு வருமானம் கரைந்தது, வைத்தியர் குறைந்தனர். 19ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குச் சென்ற ஐரோப்பியர் அதே மன்சூரி மாரிஸ்தானில் கண்டது கூண்டுகளையும் கழுத்துச் சங்கிலிகளையும்தான். மருந்தும் இசையும் உணவும் போனபின் எஞ்சியிருந்தது சங்கிலி. ஏர்வாடியின் கதை ஏற்கெனவே ஒரு முறை கெய்ரோவில் நடந்துவிட்டது எனலாம்.

அங்கொடைக்குப் போன பாதை

நம் நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் 1839இல் சித்தம் கலங்கியோர் பற்றிய முதற் சட்டத்தைக் கொண்டுவந்தனர். 1847இல் பொரளையில் புகலிடம் ஒன்று அமைந்தது. பின்னர் அது கறுவாத்தோட்டத்துக்கும், 1920களில் அங்கொடைக்கும் மாறியது. 1873ஆம் ஆண்டின் உளநோய்கள் கட்டளைச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டு நெடுங்காலம் நீடித்தது. அச்சட்டத்தின் முதற் கவலை நோயாளரின் சுகமன்று; அவரை எங்கே வைப்பது என்பதே.

நம் கரையோரத்துக்கும் அங்கொடைக்கும் இடையே முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். மொழி வேறு, உணவு வேறு. பார்க்கப் போவதென்றால் இரண்டு நாள் கூலி போய்விடும். ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பம் முதல் ஆண்டில் மூன்று முறை போகும், அடுத்த ஆண்டில் ஒரு முறை போகும், பின்னர் கடிதம் வந்தால் மட்டும் போகும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி அதுவும் முடியாமற் போயிற்று. ஏர்வாடிக்குப் போனவருக்கும் அங்கொடைக்குப் போனவருக்கும் நேர்ந்தது ஒன்றுதான்: ஊர் அவரை மறந்தது. ஒன்று நம்பிக்கையின் பெயரால் நடந்தது, மற்றது விஞ்ஞானத்தின் பெயரால் நடந்தது. அவ்வளவே.

இதில் வேதனையான உண்மை ஒன்றுண்டு. கடுமையான சித்தக்கலக்கத்தைத் தணிக்கும் முதல் நவீன மருந்தான குளோர்ப்ரோமசின் 1952இல் பாரிஸில் பயனுக்கு வந்தது. மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்ற ஊசி மருந்துகள் 1960களின் பிற்பகுதியில் வந்துவிட்டன. நான் ஓதப்போன வழியில் அந்த வாலிபர் கட்டப்பட்டிருந்த காலத்தில் மருந்து உலகில் இருந்தது. எங்கள் தெருவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

உம்மாவின் வீடு

அப்படியானால் இவ்வளவு காலமும் இவர்களைத் தாங்கியது எது? வீடுதான்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு தனித்துவமானது. குடி தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை 2008இல் வெளிவந்த தமது பெருநூலில் விரிவாக எழுதியுள்ளார். இந்த அமைப்புக்கும் நம் பொருளுக்கும் தொடர்பு இருக்கிறது. சித்தம் கலங்கிய பெண்ணைக் கணவன் தலாக் சொல்லிப் போகலாம்; ஆனால் வீடு அவளுடையது, அவளைத் தெருவில் இறக்கிவிட முடியாது. பக்கத்து வளவில் அவளுடைய சாச்சியும் ராத்தாவும் இருப்பார்கள். சித்தம் கலங்கிய ஆணின் நிலை வேறு. அவர் உம்மாவின் வீட்டில் தங்கிவிடுகிறார். உம்மா மௌத்தானதும் அது தங்கச்சியின் வீடாகிறது, மச்சானின் வீடாகிறது. அங்கே அவர் இருப்பது இன்னொருவரின் பொறுமையில். நம் கடைத்தெருக்களில் அலைந்து திரிவோரில் பெரும்பாலோர் ஆண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

குடும்பம் தாங்குவதன் பலன் ஆய்வுகளிலும் பேசப்பட்டது. 1970இல் முதன்முதலாக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மனச்சிதைவு நோயாளரைக் கண்டிப் பகுதியில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த நான்சி வக்ஸ்லர், மேலைநாட்டு நோயாளரைவிட அவர்கள் நன்றாகத் தேறியிருந்தனர் என்று 1979இல் எழுதினார். நோயை வெளியிலிருந்து வந்து போகும் ஒன்றாகக் குடும்பம் கருதியது, தேறிவிடுவார் என்று எதிர்பார்த்தது, தேறியவரை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொண்டது என்பது அவர் தந்த விளக்கம். நம் அயல்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. திண்டுக்கல் பகுதியிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளரை உளமருத்துவர் ரகுராமும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். மருந்தேதும் இன்றியே சராசரியாக ஆறு வாரங்களில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு தணிந்திருந்தன என்று 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். அங்கே உறவினர் உடன் தங்கினர், நோயாளர் சிறு வேலைகள் செய்தனர், எவரும் அவரை ஏளனம் செய்யவில்லை. ஏர்வாடித் தீ நடந்த மறு ஆண்டில் வந்த ஆய்வு இது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஓரிடத்தில் உறவு கூட இருந்தது. மற்ற இடத்தில் உறவுக்குப் பதில் பணம் வந்துகொண்டிருந்தது.

இதை வைத்து, நம் குடும்பங்களே போதும், மருந்து எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. அது தவறு. ஏழை நாடுகளில் நோயாளர் தாமாகவே நன்றாகத் தேறுகின்றனர் என்ற முடிவைப் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தியுள்ளனர். தனித்துவிடப்பட்ட குடும்பம் களைத்துப்போகும். அந்தக் களைப்பின் கடைசிக் கருவிதான் சங்கிலி. மஜ்தூப் என்று மரியாதை கொடுத்து ஒருவருக்குச் சோறு போடும் ஊர், அதே மரியாதையால் அவருடைய புண்ணுக்கும் நோய்க்கும் மருந்து பார்க்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

குடும்பமும் மருத்துவமும் ஒன்றாக நடந்தால் என்னவாகும் என்பதற்குப் பெல்ஜியத்தின் கீல் நகர் சான்று. புனித டிம்ப்னாவின் தேவாலயத்துக்கு வந்த சித்தம் கலங்கியோரை அந்நகர மக்கள் மத்திய காலந்தொட்டுத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். ஏர்வாடி போலவே அதுவும் ஒரு யாத்திரைத் தலமாகத் தொடங்கியதுதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு அப்பொறுப்பை ஏற்று, வைத்தியர்களை நியமித்து, வீட்டாருக்கு உதவித்தொகையும் மேற்பார்வையும் கொடுத்தது. 1938இல் 3,700க்கும் மேற்பட்டோர் அங்கு குடும்பங்களோடு வாழ்ந்தனர். நம்பிக்கை கதவைத் திறந்தது. நிருவாகம் அதனைக் காத்தது.

கடல் வந்த பின்

2004 டிசம்பர் 26இல் கடல் நம்மீது வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடி எங்கும் மையித்துகள். அந்நாட்களில் 'மனத்தாக்கம்' என்ற சொல் நம் ஊர்களில் வெட்கமின்றிப் பேசப்பட்டது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த உம்மாவுக்கு உள்ளம் நோவது எவருக்கும் விளங்கியது. அந்த வாசல் வழியே பழைய நோயாளர்களும் கணக்கில் வந்தனர். போர்க்காலத்திலேயே மட்டக்களப்பில் உளமருத்துவ நிபுணர் மகேசன் கணேசன் போன்றோர், நோயாளரை அங்கொடைக்கு அனுப்பாமல் பிரதேசத்திலேயே பார்க்கும் வழியை உருவாக்கியிருந்தனர். 2005இல் நாட்டின் தேசிய உளநலக் கொள்கை வந்தது. பெரிய மருத்துவமனைகளிலிருந்து சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கமாயிற்று. சுனாமிக்கு முன் நாட்டின் 27 சுகாதார மாவட்டங்களில் பத்தில் மட்டும் உளநலச் சேவைக்கான கட்டமைப்பு இருந்தது. 2011 அளவில் அது 20 மாவட்டங்களுக்கு விரிந்தது என உலக சுகாதார நிறுவனம் பதிவுசெய்கிறது.

ஆக, மருந்து முந்நூறு கிலோமீற்றரைக் கடந்து நம் பக்கம் வந்துவிட்டது. இனி மிஞ்சியிருப்பது கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையிலான சிறு தூரம். அந்தத் தூரத்தை அரசால் கடக்க முடியாது, ஊரால்தான் முடியும். மாதம் ஒரு தடவை ஊசிக்குப் போக ஓட்டோக் கூலி, கூடப் போக ஓர் ஆள், அன்று கூலி இழக்கும் தம்பிக்கு ஒரு நாட்சம்பளம் என எல்லாம் சிறிய செலவுகள். அவை இல்லாமற் போனால் ஊசி தவறும். ஊசி தவறினால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் சங்கிலி திரும்பும்.

மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் முப்பது பேர். இது ஒரு பள்ளிவாசல் நிருவாக சபையால் பெயர் பெயராக அறிந்துகொள்ளக்கூடிய எண்ணிக்கை. நம் பள்ளிவாசல்களுக்கு ஸகாத் நிதி இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்ட சொத்துக்கள் இருக்கின்றன. கடை வாடகை வருகிறது, தென்னந்தோட்ட வருமானம் வருகிறது. மினாராவுக்கும் மாபிளுக்கும் செலவழியும் பணத்தில் ஒரு சிறுபங்கை இந்த முப்பது பேருக்கென ஒதுக்கி எழுதிவைப்பது புதிய பித்அத் அன்று. இப்னு தூலூனும் நூருத்தீனும் கலாவூனும் செய்த பழைய வேலை.

ஆலிம்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. நோய் கண்டதும் குடும்பம் முதலில் வருவது அவர்களிடம்தான். குஜராத்தின் உனாவாவிலுள்ள மீராதாதார் தர்ஹாவில் 2008இல் 'தவா துஆ' என்ற திட்டம் தொடங்கியது. மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து என்பது அதன் பொருள். தர்ஹாவின் முஜாவர்களே நோயாளரை அங்குள்ள வைத்தியரிடம் அனுப்பிவைத்தனர். பின்னர் ஏர்வாடியிலும் தமிழ்நாட்டு அரசு இதே முறையைக் கொண்டுவந்தது. 28 பேர் கருகிய ஊரில் இன்று ஓதுவதும் மருந்தும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. நம் ஊரில் தண்ணி ஓதிக் கொடுக்கும் ஹஸ்ரத், "இதையும் குடியுங்கள், கிளினிக் மருந்தையும் நிறுத்தாதீர்கள்" என்று ஒரு வசனம் சேர்த்துச் சொன்னால், அது நாற்பது துண்டுப் பிரசுரங்களைவிடப் பயன்தரும். நோன்பு மாதத்தில் மருந்தை விட்டுவிட்டுப் பெருநாளைக்குள் நோய் திரும்பிய எத்தனையோ பேர் உண்டு. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஷஃபான் மாதத்து ஜும்ஆவிலேயே சொல்லிவைத்தால், எத்தனையோ வீடுகளில் பெருநாள் பெருநாளாக இருக்கும்.

அந்த வாலிபர் எப்போதோ மௌத்தாகிவிட்டார். அவருடைய உம்மாவும் போய்விட்டார். வளவில் இப்போது மாடிவீடு நிற்கிறது. அவருக்குத் தேவைப்பட்டிருந்தது மாதம் ஓர் ஊசி, கிளினிக்குக்குப் போக ஒரு பயணம், பகலில் ஓரிரு மணிநேரம் உம்மாவுக்குப் பதிலாக உடனிருக்க ஒருவர். அவற்றில் முதலாவது அன்று எட்டாத தூரத்தில் இருந்தது. மற்ற இரண்டும் அன்றும் எங்கள் கையில் இருந்தன. இன்று மூன்றுமே நம் கையில் இருக்கின்றன. பாலமுனையிலோ பக்கத்து ஊரிலோ இன்னொரு கொட்டிலில் இன்னொருவர் கட்டப்பட்டிருந்தால், எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. வேலி ஓட்டைவழியாக நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.